காட்டுக்குள் முதல் பருவம்: தாவரக் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் செல்பவர்களுக்கு

என் முதல் பருவத்தில் பதினொரு கட்டங்களில், அதாவது கணக்கெடுக்க அளந்து குறித்த நிலத்துண்டுகளில், ஒரே செடியின் பெயரைத் தவறாக எழுதினேன். சந்தேகக்குறி போட்டு எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடித்துச் சொல்கிறவனைப் போல எழுதினேன். நான்காவது வாரத்தில் அந்தச் செடி பூத்தது. பூவைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நான் எழுதியிருந்த பேரினம் இல்லை, குடும்பமே வேறு. முதல் நாளன்று அதன் ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி, எந்தக் கட்டத்துக்கு அருகில் எடுத்தது என்று எண் போட்டு வைத்திருந்தேன். அந்தக் காய்ந்த கிளையை வைத்துக்கொண்டு பதினொரு தாள்களையும் திருத்தினோம். அது மட்டும் இல்லையென்றால், அந்தக் காட்டில் இல்லாத ஒரு செடி அந்த ஆய்வின் தரவில் இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை செடிகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான். நிறையத் தெரிந்தால் நல்லது. ஆனால் எவ்வளவு தெரிந்தவரும் களத்தில் தவறு செய்வார். செய்த தவறு பின்னால் வருகிறவர் கண்ணில் படும்படி, திருத்தக்கூடியதாக எழுதிவைக்கத் தெரிய வேண்டும். கீழே நான் சொல்லும் பலவும் அதைச் சுற்றித்தான் வரும்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

இது ஏன் பருவகால வேலை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். குளிர்நாட்டுக் காடுகளில், மரங்கள் தளிர்த்து நிழல் பரப்புவதற்குள் முளைத்துப் பூத்து மறைந்துவிடும் சிறு செடிகள் உண்டு. வெப்பமண்டல இலையுதிர் காடுகளில் மழை விழுந்த பிறகே தரைச் செடிகள் பல தலைகாட்டும். இந்த ஆண்டு மழைக்கு முன்பும் அடுத்த ஆண்டு மழைக்குப் பின்பும் கணக்கெடுத்தால், காடு மாறியதா நாள் மாறியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய அதே வாரங்களில், அவசர அவசரமாக, ஆள் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்.

வேலை கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் கேள்வி: இந்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறது? பலர் இதைக் கேட்பதே இல்லை. காட்டில் எவ்வளவு கார்பன் சேர்கிறது என்பது கேள்வியானால் மரத்தின் தடிமனில் மில்லிமீட்டர்கூட முக்கியம். மேய்ச்சலால் செடிவகைகள் குறைகின்றனவா என்பது கேள்வியானால், இரண்டு இலை விட்ட நாற்றைக் காணாமல் விடுவதுதான் பெரிய குற்றம். எங்கே கண்ணை ஊன்ற வேண்டும் என்பதை அந்தக் கேள்விதான் முடிவுசெய்யும்.

அடுத்து நடைமுறை விஷயங்கள். தினமும் எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் நடக்க வேண்டும், எங்கே தங்குவது, மழை நாளுக்குச் சம்பளம் உண்டா, காயம்பட்டால் செலவு யாருடையது, அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம், வனத்துறை அனுமதி யார் பெயரில் இருக்கிறது, செடி பறிக்க அதில் இடமுண்டா? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால் நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது

முந்தைய ஆண்டின் செடிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் முந்நூறு பெயர்கள் இருக்கலாம், மிரள வேண்டாம். எந்தக் காட்டிலும் சில வகைகள் மட்டும் திரும்பத் திரும்ப வரும், மற்றவை எப்போதாவது எட்டிப் பார்க்கும். அதிகம் பதிவான முப்பதை மட்டும் படம் பார்த்துப் பழகிக்கொண்டு போங்கள்.

மீதி நேரத்தைக் குடும்ப அடையாளங்களுக்குக் கொடுங்கள். காப்பிச் செடியின் குடும்பமான ரூபியேசியில் இலைகள் எதிரெதிராக இருக்கும். இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு சிறு செதில் தெரியும். கொய்யாவின் குடும்பமான மிர்ட்டேசியில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசித்துளைகள் போல ஒளிரும். துளசிக் குடும்பத்தில் தண்டு பெரும்பாலும் நாற்கோணம். கோரைகளில் பலவற்றின் தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கைவசம் இருந்தால், பெயர் தெரியாத செடியைக்கூட அதன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

பூட்ஸைப் புதிதாக வாங்கி நேரே காட்டுக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மூன்று வாரமாவது போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கழுத்தில் மாட்டக் கயிறு, நான்கு பென்சில், நனைந்தாலும் எழுதக்கூடிய தாள், சிறு கத்தரி, ஜிப் வைத்த பைகள், விசில், முதலுதவி, தேவை என்று நினைப்பதைவிட ஒரு லிட்டர் அதிகத் தண்ணீர். பேனா வேண்டாம். ஒரு நாள் முழுக்க எழுதியது மழையில் ஒரே நீலக் குளமாவதை ஒருமுறை பார்த்தால் போதும்.

கட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஜிபிஎஸ் உங்களைக் கட்டத்துக்கு அருகில்தான் கொண்டுபோய் விடும். அடர்ந்த விதானத்தின் கீழும் பள்ளத்தாக்கிலும் அது ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். அதற்குப் பிறகு பழைய வழிதான்: கட்டத்தின் மூலையில் அடித்த முளைக்குச்சி, வண்ணம் பூசிய சாட்சி மரங்கள், அவற்றிலிருந்து முளைக்கு உள்ள தூரமும் திசையும். முந்தைய ஆண்டுக் குறிப்பை உரக்கப் படித்தபடி ஒருவர் நிற்க, மற்றவர் தேட வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் சருகைக் கிளறத் தொடங்கினால் அரை நாள் போய்விடும். இரும்பு முளையாக இருந்தால் உலோகத்தைக் கண்டறியும் சிறிய கருவி ஒன்றைக் கொண்டுபோவது மானத்தைக் காப்பாற்றும்.

காம்பஸில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகலைத் திருத்திக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் திருத்தி இன்னொருவர் திருத்தாமல் இருப்பதுதான் வழக்கமான விபத்து. பத்து டிகிரி பிசகினால் 100 மீட்டர் நடக்கும்போது சுமார் 17 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

கட்டம் கிடைத்த மகிழ்ச்சியில் அதற்குள் ஓடாதீர்கள். நீங்கள் அளக்கப்போகும் செடிகள் உங்கள் காலடியில்தான் இருக்கின்றன. பைகளை வெளியே, எப்போதும் ஒரே பக்கத்தில் வையுங்கள். முதலில் தரைச் செடிகளுக்கான சிறு சட்டங்கள் (தரையில் வைத்து அதற்குள் மட்டும் பார்க்கும் சதுரச் சட்டகங்கள்), பிறகு புதர்கள், கடைசியில் மரங்கள். மரத்தை அளக்கிறவர் சுற்றிச் சுற்றி மிதிப்பார். அவரை முதலில் உள்ளே விட்டால் தரையில் கணக்கெடுக்க மிச்சம் இருக்காது.

நாடா விரிக்கும்போது சரிவைக் கணக்கில் எடுக்க வேண்டும். பரப்பு என்று ஆய்வில் சொல்வது பெரும்பாலும் வரைபடத்தில் தெரியும் கிடைப்பரப்பு. 20 டிகிரி சரிவில் நிலத்தோடு ஒட்டி 50 மீட்டர் விரித்தால் கிடைமட்டத்தில் கிடைப்பது 47 மீட்டர்தான். முழு 50 வேண்டுமென்றால் 53 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விரிக்க வேண்டும். உங்கள் திட்டம் எந்த அளவைக் கேட்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்குவிட்டத்தை அளப்பதே எளிது: பத்துக்குப் பத்து மீட்டர்க் கட்டத்தில் 14.14 மீட்டர், இருபதுக்கு இருபதில் 28.28 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் நோட்டின் அட்டையில் எழுதிவையுங்கள்.

எவ்வளவு மூடியிருக்கிறது?

சிறு செடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது பல இடங்களில் நடக்காத காரியம். ஒரு புல்தூரில் எது ஒரு செடி? அதனால் ஒவ்வொரு வகையும் சட்டத்துக்குள் எத்தனை சதவீத நிலத்தை மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவார்கள். மூடுபரப்பு என்று சொல்லப்படும் இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்ச் சட்டத்தில் ஒரு சதவீதம் என்பது பத்துக்குப் பத்து செ.மீ. அந்த அளவில் ஓர் அட்டையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு கையே அளவுகோல். பத்துக்குப் பத்து மீட்டர்க் கட்டமானால் ஒரு சதவீதம் என்பது ஒரு சதுர மீட்டர். கைகளை விரித்து நின்று கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

பிறகு சட்டத்துக்கு நேர் மேலே தலையைக் கொண்டுபோங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உயரமான செடி பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். ஒரே நேரத்தில் ஒரே வகையை மட்டும் பாருங்கள். நான் செய்வது இப்படி: இரண்டடி உயரத்தில் வளைந்து நிற்கும் ஒரு பெரணியை எடுத்துக்கொள்வேன். அதன் ஓலைகளையெல்லாம் மனத்துக்குள் வெட்டியெடுத்துச் சட்டத்தின் ஒரு மூலைக்குத் தள்ளி அடுக்குவேன். ஓலைகளுக்கு நடுவேயுள்ள சின்னச் சின்ன இடைவெளிகளைச் செடியோடு சேர்ப்பதா கழிப்பதா என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். எங்கள் குழுவில் சேர்ப்போம். அடுக்கியது கால்வாசிச் சட்டத்தைத் தாண்டுகிறதா? இல்லை. அதில் பாதியைத் தாண்டுகிறதா? ஆம். அப்படியென்றால் பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால், எண்ணை ஆகாயத்திலிருந்து பறிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான திட்டங்கள் துல்லியமான எண்ணைக் கேட்பதில்லை, வகுப்பைத்தான் கேட்கும். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பிரான்-பிளாங்கே வகுத்த அளவுகோலில் ஐந்து என்றால் முக்கால்வாசிக்கு மேல், ஒன்று என்றால் ஐந்து சதவீதத்துக்குக் கீழ். அமெரிக்கரான டாபன்மயர் 1959-இல் முன்வைத்த முறையில் 0–5, 5–25, 25–50, 50–75, 75–95, 95–100 என்று ஆறு வகுப்புகள். இரண்டிலும் கீழ் ஓரத்தில் வகுப்புகள் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று சதவீதத்துக்கும் பத்து சதவீதத்துக்கும் வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியும், நாற்பதுக்கும் நாற்பத்தேழுக்கும் தெரியாது. எந்த அளவுகோலில் எழுதினோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள். தாளில் '3' என்று மட்டும் இருந்தால் அது மூன்று சதவீதமா மூன்றாம் வகுப்பா என்று பிறகு யார் சொல்வது?

எல்லா வகைகளையும் கூட்டினால் நூறைத் தாண்டலாம். ஒன்றின் மேல் ஒன்று கவிந்து வளர்வதால் வருவது அது. பயந்துபோய் எண்களைக் குறைத்துவிடாதீர்கள். வெளியே வேர்விட்டு உள்ளே சாய்ந்திருக்கும் செடியை மூடுபரப்பில் சேர்ப்பார்கள், எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள் என்பது பரவலான வழக்கம். ஆனால் உங்கள் திட்டக் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடுதான் சரி.

பளிச்சென்று பூத்திருக்கும் செடி கண்ணைப் பறித்து மதிப்பை ஏற்றிவிடும். மெல்லிய புல் எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படும். மாலை நான்கு மணிக்கு மேல் எல்லாமே 'ஐந்து சதவீதம்' ஆகிவிடும்; என் பழைய தாள்களைப் பார்த்தால் கடைசிக் கட்டம் எது என்று எண்களை வைத்தே சொல்லிவிடலாம். இதற்குள்ள மருந்து ஒன்றுதான். பருவத்தின் தொடக்கத்தில் குழுவினர் எல்லோரும் ஒரே சட்டத்தை ஒருவருக்கொருவர் காட்டாமல் மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பேசுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி செய்யுங்கள். முதல் முறை நீங்கள் பத்து என்றும் தலைவர் முப்பது என்றும் எழுதியிருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் சொல்வதுதான் சரி என்றும் இல்லை.

இன்னொன்று. தாளில் வெற்றிடம் விடாதீர்கள். தேடினேன், இல்லை என்றால் சுழியம். தேடவில்லை என்றால், ஏன் தேடவில்லை என்று ஒரு சொல். வெற்றிடத்துக்கு இரண்டு அர்த்தங்களும் வரும், அதனால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போகிறது.

மரத்தை அளப்பது

மரத்தின் தடிமனை மார்புயரத்தில் அளப்பார்கள். மார்புயரம் என்பது உங்கள் மார்பு இல்லை; பெரும்பாலான நாடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர், அமெரிக்காவில் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து அளப்பது பரவலான வழக்கம். 1.3 மீட்டருக்குக் கீழேயே கிளைத்திருந்தால் ஒவ்வொரு தண்டும் தனித்தனி. அடிமரத்திலிருந்து பலகைபோல நீட்டி நிற்கும் பலகை வேர் உள்ள மரத்தில், நீண்டகாலக் கட்டங்களில் பொதுவாக, அந்த வேர் முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே அளப்பார்கள். எங்கே அளந்தாலும் அந்த உயரத்தை எழுதி, அதே இடத்தில் வண்ணக்கோடு போட வேண்டும். நாடா தண்டுக்குச் செங்குத்தாக, கொடிகளுக்கு அடியில் ஓட வேண்டும். சாதாரண நாடாவில் கிடைப்பது சுற்றளவு, விட்டம் காட்டும் நாடாவில் விட்டம். இரண்டு நாடாக்களும் ஒரே பையில் இருந்தால் ஒருநாள் மாறும். 94 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 30 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. இந்த வேறுபாட்டைக் குறித்த ஓர் உணர்வு இருந்தால் எண்ணைக் கேட்டதுமே உறுத்தும்.

இந்த அற்ப விவரங்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று தோன்றலாம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர்க் கட்டம் ஒன்றை 1980-களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். அங்கே ஒரு செ.மீ. விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் பெயரும் உண்டு. முதுமலையிலும் 1988 முதல் அதே அளவில் ஒரு கட்டம் இருக்கிறது. இங்கெல்லாம் ஒரே மரத்தைப் பல பேர் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். ஒரு மரம் ஓர் ஆண்டில் வளர்வது சில மில்லிமீட்டர்தான். போன முறை அளந்த இடத்திலிருந்து ஒரு கையகலம் தள்ளி அளந்தால் அந்த வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் மூழ்கிவிடும்.

சில நேரம் மரம் போன ஆண்டைவிட மெலிந்திருக்கும். வறண்ட நாட்களில் பட்டை சுருங்கலாம், உரிந்திருக்கலாம், போன ஆண்டு அளந்தவர் தவறியிருக்கலாம். மறுபடி ஒருமுறை அளந்து, அதே எண் வந்தால் அப்படியே எழுதுங்கள். பழைய எண்ணோடு ஒத்துப்போகட்டும் என்று இரண்டு மில்லிமீட்டர் கூட்டி எழுதுகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார். அதுதான் ஆபத்து.

பெயர் தெரியாத செடி

தினமும் வரும். அவசரப்படாமல் ஒரே வரிசையில் பாருங்கள்: இலைகள் எதிரெதிரா, மாறிமாறியா? தனி இலையா, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையா? கூட்டிலையா என்று தெரியவில்லையென்றால் மொட்டைத் தேடுங்கள். மொட்டு இலையின் கக்கத்தில்தான் இருக்கும், சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது. காம்படியில் செதில் உண்டா? கிள்ளினால் பால் வருகிறதா, என்ன நிறம்? கசக்கினால் மணம் உண்டா? அடிப்பக்கம் ரோமம் உண்டா, சுரப்பிகள் உண்டா? எக்காரணம் கொண்டும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். பாலைத் தோலில் படவிடாதீர்கள். மா, முந்திரியின் குடும்பமான அனகார்டியேசியில் பல மரங்கள் தோலைக் கொப்பளிக்க வைக்கும். வட அமெரிக்கக் காடுகளில் எல்லோரும் அஞ்சும் பாய்சன் ஐவியும் அந்தக் குடும்பம்தான்.

இவ்வளவு பார்த்தும் பெயர் தெரியாவிட்டால் அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். 'தெரியாதது 1' என்று எழுதினால் நாளைக்கு இன்னொருவரும் அதையே வேறொரு செடிக்கு எழுதுவார். உங்கள் பெயரின் முதலெழுத்து, தேதி, கட்ட எண், வரிசை எண் நான்கும் சேர்ந்த குறியாக இருக்கட்டும். பக்கத்தில் 'மயிரடர்ந்த எதிரிலை, வெண்பால், முழங்கால் உயரம்' என்று ஒரு வரி. குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பத்தோடு நிறுத்துங்கள், பேரினம் வரை தெரிந்தால் பேரினத்தோடு. ஊகித்து இனம் வரைக்கும் இறங்கிவிட்டால், அது ஊகம் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. நான் பதினொரு கட்டங்களில் செய்தது அதைத்தான்.

படம் எடுங்கள், ஆனால் ஒன்று போதாது. முழுச்செடி, தண்டு, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டில் சேரும் இடம், பூ அல்லது காய். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். முதல் படமாகத் தற்காலிகப் பெயர் எழுதிய தாளை எடுத்துவிட்டால் இரவில் குழப்பம் இராது. கைபேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூ இல்லாத நாற்றுக்கும் அது தயங்காமல் ஒரு பெயர் சொல்லும்.

மாதிரி எடுப்பதானால் கட்டத்துக்கு வெளியே அதே வகையைத் தேடி எடுங்கள். நிரந்தரக் கட்டத்துக்குள் இருப்பதைப் பறித்தால், அடுத்த ஆண்டு அது இறந்துபோனதாகத்தான் பதிவாகும். சுற்றிலும் ஒன்றிரண்டு மட்டுமே இருந்தால் படத்தோடு விட்டுவிடுங்கள். பூவோ காயோ உள்ள கிளையாக, காய்ந்த செடி மாதிரிகளை ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத் தாளின் அளவான ஏறக்குறைய 42-க்கு 29 செ.மீ.க்குள் மடித்து அடக்கக்கூடியதாக இருக்கட்டும். செய்தித்தாளின் ஒரு மடிப்பைத் திறந்து கிளையை வையுங்கள். ஓர் இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரியும்படி வையுங்கள். காய்ந்தபின் திருப்பப் பார்த்தால் நொறுங்கிப்போகும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இலைகளில் சிலவற்றைக் காம்பு மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள், அங்கே இலை இருந்தது என்பதற்கு அந்தக் காம்பு சாட்சி. தாளின் ஓரத்தில் எண். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பட்டையால் இறுக்குங்கள். ஈரம் உறிஞ்சும் தாள்களைத் தினமும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் மறந்தால் மூன்றாம் நாள் பூஞ்சையைத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கும். காய்ந்தால் காணாமல் போகிறவற்றை, அதாவது பூவின் நிறம், மணம், பால், மரத்தின் உயரம், பட்டையின் தோற்றம் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். காய்ந்த கிளையைக் கையில் வைத்துக்கொண்டு 'பூ வெள்ளையா மஞ்சளா?' என்று இருவர் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் அதே மரத்தடியில் நின்றவர்கள்தான்.

உடம்பும் காடும்

தனியாகப் போகக்கூடாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முகாமில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காற்று அடித்தால் பட்ட மரங்களின் கீழே நிற்காதீர்கள். காட்டு விலங்கை நினைத்துப் பயப்படுகிறவர்கள் தலைக்கு மேலே தொங்கும் கிளையைக் கவனிப்பதில்லை. இடி கேட்டால் வேலையை நிறுத்துங்கள், கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் கழியட்டும். மாலையில் உடம்பு முழுக்க உண்ணி தேடுங்கள், முக்கியமாக அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம். கடித்திருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீயால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் முன் பூட்ஸைத் துலக்கிக் கழுவுங்கள். தையல் இடுக்கில் ஒட்டிய விதையும் மண்ணில் வரும் வேர் நோய்க்கிருமியும் உங்களோடு பயணம் செய்யும்.

எழுதுபவரும் சொல்பவரும்

வழக்கமாக ஒருவர் பார்த்துச் சொல்வார், ஒருவர் எழுதுவார். எழுதுபவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: பெயர், எண் இரண்டையும். சலிப்பாக இருக்கும், இரண்டாம் நாளே விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். தவறை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து அருகில் எழுதுங்கள். முதலில் எழுதியதே சரியாக இருந்துவிடுவதும் உண்டு. கட்டத்தை விட்டுக் கிளம்புமுன், நாடாவைச் சுருட்டுவதற்கும் முன்னால், தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். தேதி, கட்ட எண், ஆட்களின் பெயர், வெற்றிடங்கள். அன்றிரவே தாளைப் படமெடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். களைப்பாகத்தான் இருக்கும்.

பருவம் முடியும்போது வண்ண நாடாக்கள், அடையாளத்துக்கு நட்ட சிறு கொடிகள், கயிறு எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாருங்கள். கையேட்டிலிருந்து எங்கெல்லாம் விலகினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்: எந்தக் கட்டத்தை மழையில் பாதியில் விட்டீர்கள், எந்த இரு செடிகளைப் பருவத்தின் பாதி வரைக்கும் ஒன்றென்று நினைத்தீர்கள் என்பதெல்லாம். பிறகு, அடுத்த ஆண்டு வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வரி. எனக்கு முன்னால் வேலை செய்த யாரோ எழுதிவைத்த அப்படியொரு குறிப்பு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: 'வடகிழக்கு முளையைக் கறையான் புற்று மூடிவிட்டது. இடிக்க வேண்டாம். புற்றின் உச்சியிலிருந்து தெற்கே நாற்பது செ.மீ., ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் புது முளை. கல்லைப் புரட்டுமுன் குச்சியால் தட்டவும், போன முறை தேள் இருந்தது.' கல்லும் இருந்தது, முளையும் இருந்தது. தேளும் இருந்தது.